குறைந்த கட்டணக் குழுவோடு ஜாங்ஜியாஜியே: கிடைப்பதும் கைநழுவுவதும்

சீனாவின் ஹுனான் மாகாணத்தில் இருக்கும் ஜாங்ஜியாஜியே மலைப்பகுதிக்கான குழுச் சுற்றுலா விளம்பரங்களைப் பார்ப்பவர்களுக்கு முதலில் எழும் சந்தேகம், இவ்வளவு குறைந்த தொகைக்குள் விமானம், தங்குமிடம், சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் எப்படி அடக்குகிறார்கள் என்பதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு குழுவோடு இலையுதிர் காலத்தில் போய்வந்த அனுபவத்தைக் கொண்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே தடத்தில் ஏறத்தாழ இதே கட்டணத்துக்கு அழைத்துச் செல்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுடைய பயண நிரல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிட முடியாது, கொடுத்த காசுக்குக் குறையாமல் பல வசதிகள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் கட்டணத்தில் குறைத்ததை நம்முடைய நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்; பனிமூட்டம் எப்போது வரும், எப்போது விலகும் என்று எவராலும் சொல்ல முடியாத ஒரு மலையில் நேரத்தைப் பறிகொடுப்பது சிறிய இழப்பல்ல.

ஜாங்ஜியாஜியே என்ற பெயரில் ஒரு நகரமும், அதிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தேசிய வனப்பூங்காவும் இருக்கின்றன. 1982இல் சீனாவின் முதல் தேசிய வனப்பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 1992இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வூலிங்யுவான் நிலப்பரப்பின் ஒரு பகுதி. 26,000 ஹெக்டேருக்கும் மேல் விரியும் வூலிங்யுவானில் 3,000க்கும் அதிகமான கல்தூண்களும் சிகரங்களும் நிற்கின்றன. அவற்றில் பல 200 மீட்டர் உயரத்தைத் தாண்டியவை. இவை சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டானவை என்று பலர் நினைக்கிறார்கள், எங்கள் பேருந்திலும் அப்படித்தான் சொல்லப்பட்டது. உண்மையில் இவை குவார்ட்ஸ் மணற்கல். பாறையின் செங்குத்தான வெடிப்புகளுக்குள் இறங்கிய நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிவதாலும், அதே வெடிப்புகளில் செடிகளும் மரங்களும் வேர்விட்டு நெருக்குவதாலும், பக்கவாட்டுப் பாறைகள் காலங்காலமாக உதிர்ந்து விழுந்து தூண்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. தூண்களைச் செதுக்கிய அந்த ஈரம் ஆண்டு முழுவதும் காற்றில் இருக்கிறது என்பதால், அவற்றை நம் கண்ணிலிருந்து மறைப்பதும் அதுதான். இங்கே வருகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான்: ஒரு காட்சிமுனைக்குப் போய்ச் சேர்வதற்கும் அந்தக் காட்சியைப் பார்ப்பதற்கும் இடையில் சில சமயம் அரை நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

குறைந்த கட்டணக் குழுக்கள் பெரும்பாலும் மாகாணத் தலைநகரான சாங்ஷாவில்தான் விமானம் இறங்குகின்றன. அங்கிருந்து ஜாங்ஜியாஜியே 300 கிலோமீட்டருக்கும் மேல். 2019இன் இறுதியில் ஜாங்ஜியாஜியே மேற்கு நிலையத்துக்கு அதிவேக ரயில் வந்துவிட்டபோதும் எங்களைப் பேருந்தில்தான் அழைத்துச் சென்றார்கள். நெடுஞ்சாலை மிக நன்றாக இருந்தது, ஓட்டுநர் நிதானமானவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போகவும் வரவும் பகலின் பெரும்பகுதி பேருந்து இருக்கையிலேயே கழிந்தது. விளம்பரத்தில் காட்டப்படும் மொத்த நாட்களில் இத்தகைய பேருந்து நாட்களையும் விமான நாட்களையும் கழித்துவிட்டுப் பார்த்தால், மலைக்கென்று மிஞ்சுவது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் இந்தக் கழித்தலைச் செய்து பார்க்க வேண்டும்.

பூங்காவின் நுழைவுச்சீட்டு நான்கு நாட்களுக்குச் செல்லுபடியாகும், பூங்காவுக்குள் ஓடும் பேருந்துகளுக்கும் தனியாகக் கட்டணம் கிடையாது. இன்று மூட்டம் கவிந்திருந்தால் நாளை வரலாம், ஒரு பக்கத்துக் காட்சிமுனை வெளுத்துப் போயிருந்தால் பேருந்து ஏறி அடுத்த பக்கம் போகலாம் என்ற வசதி அந்தச் சீட்டிலேயே அடங்கியிருக்கிறது. எங்கள் பயண நிரலோ பூங்காவுக்கு ஒரே ஒரு நாளைத்தான் ஒதுக்கியிருந்தது. அந்த நாளிலும் காலை உணவுக்குப் பிறகு நேராகப் பூங்காவுக்குப் போகாமல் ஒரு தேயிலைக் கடைக்கு அழைத்துச் செல்லப்பட்டோம். பூங்கா வாயிலை அடைந்தபோது நண்பகல் நெருங்கிவிட்டது, மற்ற குழுக்கள் அனைத்தும் வந்து சேர்ந்திருந்தன. இந்தச் சுற்றுலாவைப் பற்றி எனக்கிருக்கும் மிகப்பெரிய குறை இதுதான். கடைக்குப் போவதே தவிர்க்க முடியாதது என்றால், மலையில் இருட்டிய பிறகு போகலாம். கூட்டம் குறைவாக இருக்கும் காலைப்பொழுதைத் தேயிலைக்குக் கொடுத்தது எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

அதன் விளைவைப் பாய்லோங் லிஃப்ட் வரிசையில் அனுபவித்தோம். செங்குத்தான குன்றின் முகத்தில் 326 மீட்டர் ஏறும் இந்த லிஃப்ட் 2002இல் திறக்கப்பட்டது. பாரம்பரியப் பகுதிக்குள் இப்படியொரு கட்டுமானம் தேவையா என்ற எதிர்ப்பும் அப்போது எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன், என்றாலும் முழங்கால் வலியோடு வந்திருந்த எங்கள் குழுப் பெரியவர்கள் இது இல்லாமல் மேலே ஏறியிருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்பித் தடுப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து நகர்ந்த வரிசையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றோம். பயணமோ ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. முதல் 154 மீட்டர் பாறைக்குள் குடைந்த பாதையில் இருட்டாகப் போகிறது, அதன் பிறகு கண்ணாடிக்கு வெளியே சட்டென்று வெளிச்சம் பாய்கிறது. தெளிவான நாளில் அந்த இடத்தில் எதிரே கல்தூண்கள் நிற்குமாம். அன்று எங்களுக்குத் தெரிந்தது வெள்ளை மட்டுமே.

மேலே யுவான்ஜியாஜியே காட்சிப் பகுதி. கடல் மட்டத்திலிருந்து 1,080 மீட்டர் உயரத்தில் முடியும், படங்களில் எல்லாரும் பார்த்திருக்கும் அந்தத் தனித்த தூண் இங்கேதான் இருக்கிறது. வழிகாட்டி கொடியை உயர்த்திப் பிடித்து, குறித்த நேரத்துக்குள் பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடும்படி சொல்லி அனுப்பினார். கைப்பிடிச் சுவரோரம் ஐந்தாறு வரிசை மனிதர்கள். முன்னால் போய் நின்றபோது பத்தடி கீழே ஒரு பைன் மரத்தின் நனைந்த கிளை தெரிந்தது, அதற்கப்பால் எதுவும் இல்லை. புறப்பட வேண்டிய நேரத்தில்தான் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து காற்று எழுந்தது. மூட்டம் கிழிந்து முதலில் ஒரு தூணின் இடுப்புப் பகுதி மட்டும் தெரிந்தது. செம்மண் நிறப் பாறையில் கிடைக்கோடுகள் அடுக்கடுக்காக ஓடின, ஒவ்வோர் அடுக்கின் விளிம்பிலும் கையகல மண்ணைப் பற்றிக்கொண்டு ஒரு மரம் நின்றது. பிறகு உச்சி தெரிந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னும் பல என்று வரிசை நீண்டது. சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் ஆர்ப்பரித்தார்கள். சில நிமிடங்களில் மறுபடியும் மூடிக்கொண்டது. அந்தச் சில நிமிடங்களுக்காக இவ்வளவு தூரம் வரலாம், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் குழுவில் சரிபாதிப் பேர் அதற்குள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். நேரத்தை மதித்து நடந்தவர்களுக்குத்தான் காட்சி கிடைக்கவில்லை என்பது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கீழே காட்டினூடே ஓடும் தங்கச் சாட்டை ஓடையின் கரையில் பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சமதளமான நடைபாதை இருக்கிறது. தூண்களை அடியிலிருந்து அண்ணாந்து பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை, மூட்டமும் இவ்வளவு கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை, படி ஏற வேண்டியதும் இல்லை. முழுதாக நடக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். எங்களுக்குக் கிடைத்தது குரங்குகளைப் பார்த்துத் திரும்பும் அளவுக்கான நேரம். அந்தக் குரங்குகள் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையைக் கண்டால் விடுவதில்லை, தின்பண்டம் எதையும் வெளியே எடுக்காமலிருப்பது நல்லது.

இனிக் கடைகளுக்கு வருகிறேன். தேயிலை, ஜேட் எனப்படும் பச்சைக்கல், பட்டு, லேட்டக்ஸ் மெத்தை ஆகியவை இந்தத் தடத்தில் வழக்கமாக வருபவை. எல்லாக் கடைகளிலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் கதவு மூடிய ஓர் அறையில் உட்காரவைத்து, பொருளின் பெருமையை நம் மொழியோ ஆங்கிலமோ சரளமாகப் பேசும் ஒருவர் விளக்குகிறார். பிறகு விற்பனைக் கூடம். வெளியேறும் வழி அந்தக் கூடத்தின் கடைசியில்தான் இருக்கும். ஜேட் கடையில் ஒரு பெண் இரண்டு வளையல்களை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஒன்றோடொன்று மெல்லத் தட்டினார். ஒன்று கணீரென்றும் மற்றது மங்கலாகவும் ஒலித்தது, கணீரென்று ஒலிப்பதே அசல் என்றார். அடுத்து ஒரு வளையலின் விலையைச் சொல்லி, உடனே அதில் பாதியாகக் குறைத்து, பின்பு அதிலும் பாதியாக்கினார். விலை இப்படி இறங்கும் ஒரு பொருளை, அதன் தரத்தைச் சோதிக்கத் தெரியாதவர்கள் எந்த விலைக்கும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அதட்டவும் இல்லை, வாங்காமல் வெளியே வந்த பலரில் நானும் ஒருத்தி. ஆனால் குறிப்பிட்ட நேரம் வரை பேருந்தின் கதவு திறக்கப்படாது. குழு அந்தக் கடைக்குள் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பது கடைக்கும் சுற்றுலா நடத்துபவருக்கும் இடையிலான ஏற்பாட்டைப் பொறுத்தது, நம் விருப்பத்தைப் பொறுத்ததல்ல.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்கலாம். 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, நியாயமற்ற குறைந்த கட்டணத்தைக் காட்டிப் பயணிகளை ஈர்த்துவிட்டு, கடைகளிலிருந்தும் கூடுதல் கட்டண நிகழ்ச்சிகளிலிருந்தும் தரகுப் பணம் பெறுவதைத் தடை செய்கிறது. இத்தகைய முறையில் வாங்கிய பொருளைச் சுற்றுலா முடிந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுத் தரும்படி பயணி சுற்றுலா நிறுவனத்திடம் கேட்கலாம் என்றும் அது கூறுகிறது. அதே பிரிவில், இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டால் கடைக்கு அழைத்துச் செல்லலாம் என்ற விலக்கும் இருக்கிறது. பதிவு செய்யும்போது நம்மிடம் கையெழுத்து வாங்கும் தாள்களில் கடைகளின் பட்டியல் சேர்ந்திருப்பது அதனால்தான். அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் குழுவில் வளையல் வாங்கிய ஓர் அம்மா அன்றிரவே மனம் மாறி, ரசீதையும் பிரிக்காத பெட்டியையும் வழிகாட்டியிடம் கொடுத்து, இந்தச் சட்டப் பிரிவைக் கைப்பேசியில் காட்டினார். ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே அவருக்கு முழுத் தொகையும் திரும்பக் கிடைத்தது. ரசீது இல்லாமல் இது நடந்திருக்காது.

வழிகாட்டியைப் பற்றிக் கசப்பாக எழுத எனக்கு மனம் வரவில்லை. துஜியா இனத்தைச் சேர்ந்த அந்த இளைஞர், மழையில் வழுக்கும் படிகளில் முதியவர்களின் பையைத் தாமே சுமந்து நடந்தார். கடையில் விற்பனை குறைந்தபோது அவர் முகம் வாடியது, ஏனென்றால் இப்படிப்பட்ட குழுக்களில் வழிகாட்டிக்கு நிலையான ஊதியம் மிகக் குறைவு, வருமானத்தின் பெரும்பகுதி தரகிலிருந்தும் டிப்ஸிலிருந்தும்தான் வர வேண்டும். குழுக் கட்டணத்தில் சேராமல் தனியாகக் கேட்கப்படும் டிப்ஸ் தொகையைப் பலர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். நான் மனமுவந்து கொடுத்தேன். கோபத்தைக் காட்ட வேண்டிய இடம், ஒருவருடைய கூலியைக் கடையின் கல்லாவோடு முடிச்சுப்போட்டு வைத்திருக்கும் நிறுவனம்.

குழுவோடு போனதன் பயன் முழுமையாகத் தெரிந்த இடம் தியான்மென் மலை. வனப்பூங்காவிலிருந்து தனித்து, நகரத்தை ஒட்டி நிற்கும் 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட மலை இது. நகரத்தின் நடுவிலிருந்து வீடுகளின் கூரைகளுக்கு மேலாகப் புறப்படும் கேபிள் கார் 7,455 மீட்டர் நீளம் பயணம் செய்து உச்சிக்குப் போகிறது. இதற்கான சீட்டைக் கடவுச்சீட்டு விவரங்களோடு, நேரம் குறித்து, முன்கூட்டியே எடுக்க வேண்டும். எந்தத் தடத்தில் ஏறி எந்தத் தடத்தில் இறங்குவது என்பதையும் அப்போதே தேர்ந்தெடுத்தாக வேண்டும். சீனமொழியும் அந்நாட்டுக் கைப்பேசிப் பணப்பரிமாற்றச் செயலிகளும் பழக்கமில்லாதவர்களுக்கு இது சுலபமான வேலை இல்லை. எங்களுக்கு எல்லாம் தயாராக இருந்தது, வரிசையில் நின்றதும் கொஞ்ச நேரம்தான். மலையைத் துளைத்துக்கொண்டு நிற்கும், 130 மீட்டர் உயரமுள்ள இயற்கை வாயிலையும், அதன் அடியிலிருந்து கீழே இறங்கும் 999 படிகளையும், 99 வளைவுகள் கொண்ட சாலையையும் அவசரமின்றிப் பார்த்தோம். படி இறங்க முடியாதவர்களுக்கு மலைக்குள்ளேயே நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன. இந்த ஒரு நாளைப் பொறுத்தவரை, தனியாகப் போயிருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

கூடுதல் கட்டண நிகழ்ச்சியாக வைத்திருந்தது ஜாங்ஜியாஜியே பெரும் பள்ளத்தாக்கின் கண்ணாடிப் பாலம். 430 மீட்டர் நீளமும் தரையிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரமும் கொண்ட இது 2016 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்ததால் இரண்டே வாரங்களுக்குள் தற்காலிகமாக மூடப்பட்டது என்பது அப்போது உலகச் செய்தியானது. பொறியியல் வியப்பாக அதை மதிக்கிறேன், ஆனால் அதற்குப் போகவில்லை. அன்று பாலத்துக்குப் போகாதவர்களைக் கடைத்தெருவில் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். நுழைவுச்சீட்டின் நான்கு நாட்கள் இன்னும் முடியவில்லை என்பது நினைவுக்கு வரவே, எங்களில் சிலர் வழிகாட்டியிடம் பேசி, குழுவிலிருந்து அன்றைக்கு மட்டும் பிரிந்து செல்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு, வூலிங்யுவான் பக்கத்து வாயில் வழியாக மறுபடியும் பூங்காவுக்குள் போனோம். பூங்காப் பேருந்திலும், தனிக் கட்டணம் கட்டிக் கேபிள் காரிலும் ஏறித் தியான்சி மலையை அடைந்தோம். முந்தைய இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. பேரரசரின் தூரிகைகள் என்று அழைக்கப்படும் மெல்லிய சிகரங்கள் உச்சி முதல் அடி வரை தெளிவாக நின்றன, அவற்றுக்குக் கீழே மேகம் பள்ளத்தாக்கு முழுவதையும் நிரப்பிக் கிடந்தது. யாரும் கொடியை உயர்த்தவில்லை. போதும் என்று எங்களுக்கே தோன்றும்வரை இருந்தோம்.

இப்படிப் பிரிந்து செல்ல எல்லா நிறுவனங்களும் சம்மதிப்பதில்லை, சில நிறுவனங்கள் அதற்கெனத் தனித் தொகை கேட்கின்றன, குழு விசாவில் வந்தவர்களுக்கு இன்னும் கெடுபிடி உண்டு. ஆகவே பதிவு செய்யும் முன்பே எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்குமிடங்கள் சுத்தமாகவும் வெந்நீரோடும் இருந்தன, ஊருக்கு வெளியே இருந்தன. சாப்பாடு சுழலும் கண்ணாடித் தட்டு வைத்த வட்ட மேசையில், பெரும்பாலும் அதே முட்டைக்கோசு, அதே தக்காளி முட்டை, அதே மீன். ஹுனான் சமையல் காரத்துக்குப் பெயர்பெற்றது என்று நம்பிப் போனால், குழுக்களுக்குக் காரமில்லாமல் சமைத்து வைக்கிறார்கள். சைவம் மட்டும் உண்பவர்கள், கீரையிலும் பன்றிக்கொழுப்பு சேர்வதுண்டு என்பதை நினைவில் கொண்டு, உலர்ந்த உணவு எதையாவது கையோடு எடுத்துச் செல்வது அவசியம்.

சீனமொழி தெரியாத, முதல்முறையாக அங்கே போகும் குடும்பங்களுக்கும், பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கும் இந்த வகைக் குழுவைத் தயங்காமல் சொல்வேன், ஆனால் பூங்காவுக்குக் குறைந்தது இரண்டு பகல்கள் ஒதுக்கியிருக்கும் நிரலை மட்டும். அப்படி ஒதுக்கும் நிறுவனங்கள் கட்டணத்தைச் சற்று உயர்த்தித்தான் கேட்கும், கொடுத்துவிடலாம். காலையில் எத்தனை மணிக்குப் பூங்கா வாயிலில் இருப்போம், கடைகள் எத்தனை, அவை எந்த வேளையில், தங்கச் சாட்டை ஓடையில் எவ்வளவு தூரம் நடப்போம், சாங்ஷாவிலிருந்து ரயிலா பேருந்தா என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடுங்கள். அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை என்பதால், அந்த நாட்களில் எந்தக் கட்டணத்துக்கும் போக வேண்டாம். படிகள் எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால் அடிப்பாகம் வழுக்காத காலணி வேண்டும், குடையைவிட ரெயின்கோட் நல்லது. கைப்பிடிச் சுவரோரம் அத்தனை பேர் நெருக்கி நிற்கும்போது குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு மலை தெரியாது.